நெடுந்தொலைவு ஓட்டங்களின் போக்கையும் பதக்கம் வெல்பவர்களையும் கணிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக்கோ உலக சாம்பியன்ஷிப்போ நெருங்கும்போதெல்லாம், 1,500 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் யார் வெல்வார் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்கும் ஆள் மாறினாலும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை, இங்கே தொகுத்திருக்கிறேன். என் விடைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஓட்டம் எந்தப் போக்கில் நடக்கும் என்பதை முதலில் கணிக்க வேண்டும், ஆளைக் கணிப்பது அதற்குப் பிறகுதான்.

1. டைமண்ட் லீக்கில் ஓடுகிற அதே ஆட்கள்தானே ஒலிம்பிக்கிலும் ஓடுகிறார்கள்? பிறகு ஏன் இரண்டையும் வேறு வேறு என்கிறீர்கள்?

ஆட்கள் ஒன்றுதான், ஓட்டத்தின் நோக்கம் வேறு. ஆண்டுதோறும் பல நகரங்களில் நடக்கும் டைமண்ட் லீக் போன்ற தடகளப் போட்டிகளில், நல்ல நேரம் பதிவாக வேண்டும் என்பதற்காகவே பேஸ்மேக்கர் எனப்படும் ஒருவரை அமர்த்துகிறார்கள். அவர் முன்னரே பேசி வைத்த வேகத்தில் ஓட்டத்தின் முதல் பகுதியை இழுத்துச் சென்றுவிட்டு விலகிக்கொள்வார். தடத்தின் உள்விளிம்பில் வரிசையாக எரிந்து நகரும் விளக்குகளும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் காட்டிக்கொண்டே செல்லும். ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் பேஸ்மேக்கரும் கிடையாது, விளக்குகளும் கிடையாது. வேகத்தை அமைக்கும் பொறுப்பை ஓடுபவர்களில் ஒருவர்தான் ஏற்க வேண்டும்; ஏற்க ஒருவரும் முன்வராவிட்டால் அனைவரும் மெதுவாகவே ஓடுவார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1,500 மீட்டரில் பதக்கம் பெற, சில நாட்களுக்குள் தகுதிப் போட்டி, அரையிறுதி, இறுதி என மூன்று முறை ஓட வேண்டும். ஒரே இரவில் உச்ச நேரம் ஓடுவது ஒரு திறமை. மூன்றாவது ஓட்டத்திலும் கால்களில் தெம்பு மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்வது வேறொரு திறமை.

2. பட்டியலில் யாருடைய நேரம் சிறந்ததோ அவர்தானே ஜெயிப்பார்? இதில் கணிக்க என்ன இருக்கிறது?

அப்படி நடந்திருந்தால் மொராக்கோவின் ஹிஷாம் எல் குரூஜ் 2000ஆம் ஆண்டு சிட்னியில் தங்கம் வென்றிருப்பார். 1,500 மீட்டரில் 3 நிமிடம் 26.00 நொடி என்ற உலக சாதனையை அவர் 1998இலேயே படைத்திருந்தார். சிட்னியில் வென்றவரோ கென்யாவின் நோவா இங்கெனி. உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020இல் 10,000 மீட்டரை 26:11.00 நேரத்தில் ஓடி உலக சாதனை படைத்தார்; மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் செலமோன் பரேகா 27:43.22 நேரத்தில் அவரை முந்தினார். வென்ற நேரம் சாதனையைவிட ஒன்றரை நிமிடம் மெதுவானது என்பதிலிருந்தே, அந்த ஓட்டத்தில் சாதனை நேரத்துக்கு வேலையே வரவில்லை என்பது விளங்கும்.

ஆனாலும் பட்டியலைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. ஓட்டம் வேகமாக நடந்தால் கடைசிச் சுற்று வரை யார் யார் கூட்டத்தோடு நிலைத்திருக்க முடியும் என்பதை அது சொல்லும். அந்த வாயிலைத் தாண்டியவர்களுக்குள் யார் முதலில் வருவார் என்பதற்குப் பட்டியலில் விடை இல்லை.

3. உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் முதல் சில சுற்றுகளில் ஏன் அவ்வளவு மெதுவாக ஓடுகிறார்கள்? பார்க்கவே பொறுமை போய்விடுகிறது.

முன்னால் ஓடுபவர் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார். பின்னால் வருபவர் அவருடைய மறைவில் ஓடுகிறார். ஒரே வேகத்தில் ஓடினாலும் முன்னவருக்குச் செலவு அதிகம். மனச்சுமையும் முன்னவருக்கே: பின்னால் யார் எப்போது பாய்வார் என்று தெரியாமல், வேகத்தையும் தானே தீர்மானித்துக்கொண்டு ஓட வேண்டும். இதை அறிந்த பன்னிரண்டு பேர் ஒன்றாகப் புறப்பட்டால், முன்னால் போக ஒருவருக்கும் விருப்பம் இருக்காது.

இதன் உச்சத்தை 2016 ரியோவில் பார்த்தோம். ஆண்கள் 1,500 மீட்டர் இறுதியில் முதல் 800 மீட்டருக்கு 2 நிமிடம் 16 நொடிக்கும் மேல் ஆனது. அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00 நேரத்தில் தங்கம் வென்றார். 1932க்குப் பிறகு அந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கத்துக்குக் கிடைத்த மிக மெதுவான நேரம் அது. அதே ஆண்டு, அதே ஊரில், பாரா ஒலிம்பிக்கின் பார்வைக் குறைபாடு உள்ளோர் பிரிவில் முதல் நான்கு பேர் அதைவிட விரைவாக 1,500 மீட்டரை முடித்தார்கள். இதை வைத்துச் சென்ட்ரோவிட்ஸைக் குறைத்துப் பேசியவர்களை எனக்குத் தெரியும், அது நியாயமில்லை. கடைசி 400 மீட்டரை அவர் 51 நொடிக்குள் ஓடினார். உள்தடத்தையும் முன்னிடத்தையும் கைவிடாமல், மற்றவர்கள் அனைவரும் தன்னைச் சுற்றி வெளியே ஓடும்படி வைத்திருந்தார். மெதுவான ஓட்டத்தை வெல்ல அதுவே சரியான வழி.

4. சரி, இறுதி ஓட்டம் வேகமாக நடக்குமா மெதுவாக நடக்குமா என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது?

கணிப்பின் இதயம் இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொடக்கப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: அனைவரும் ஒன்றாகக் கடைசிச் சுற்றுக்கு வந்து சேர்ந்தால் இவர் தோற்பாரா? தோற்பார் என்றால், அது அவருக்கே தெரிந்திருந்தால், ஓட்டத்தை வேகப்படுத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்ட ஒருவராவது வலுவானவராகப் பட்டியலில் இருந்தால் ஓட்டம் வேகமாக நடக்கும் வாய்ப்பு அதிகம். அனைவரும் தத்தம் கடைசிப் பாய்ச்சலை நம்புகிறவர்கள் என்றால் ரியோவில் நடந்ததே மறுபடியும் நடக்கும்.

தேவை மட்டும் போதாது, தெம்பும் வேண்டும். 2004 ஏதென்ஸில் நடந்த 5,000 மீட்டர் இறுதியைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகெலே அந்த ஆண்டுதான் 12:37.35 என்ற உலக சாதனையைப் படைத்திருந்தார். எதிரே நின்ற எல் குரூஜ், 1,500 மீட்டரை அப்போதுதான் வென்றுவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவரைக் கடைசிச் சுற்று வரை உடன் வரவிடுவது பெகெலேவுக்கு ஆபத்து என்பது வெளிப்படை. ஆனால் பெகெலே அதற்கு முன்பே 10,000 மீட்டரில் தங்கம் வென்று களைத்திருந்தார். ஓட்டத்தை உடைக்கும் அளவுக்கு வேகம் ஏறவில்லை. எல் குரூஜ் 13:14.39, பெகெலே 13:14.59. ஐந்தில் ஒரு பங்கு நொடியில் முடிந்த அந்தத் தோல்விக்கான காரணம் பல சுற்றுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது.

மூன்றாவதாக வானிலை. வெப்பமும் புழுக்கமும் கூடினால், வேகப்படுத்த வேண்டியவரே தயங்குவார். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் 10,000 மீட்டர் அப்படித்தான் புழுக்கத்தில் மெதுவாக நகர்ந்தது. பிரான்ஸின் ஜிம்மி கிரெசியே 28:55.77 நேரத்தில் வென்றார், இரண்டாம் இடம் பெற்ற யோமிஃப் கெஜெல்சா வெறும் 0.06 நொடி பின்னால் வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தைச் செப்டெகெய் வென்ற நேரம் 26:43.14. இரண்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு, ஓட்டக்காரர்களின் திறனைவிட ஓட்டத்தின் போக்கைப் பற்றியே பேசுகிறது.

5. கடைசிச் சுற்றில் யார் வேகமாகப் பாய்வார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

முதலில், அவருடைய குறைந்த தொலைவு நேரங்களைப் பார்ப்பேன். 1,500 மீட்டர்க்காரர் என்றால் அவருடைய 800 மீட்டர். 5,000, 10,000 மீட்டர்க்காரர் என்றால் அவருடைய 1,500 மீட்டர். பத்தாயிரம் மீட்டரில் ஆண்டுக்கணக்காக வென்றுவந்த மோ ஃபரா, 2013இல் 1,500 மீட்டரை 3:28.81 நேரத்தில் ஓடியவர் என்பதை நினைவில் வைத்தால், மெதுவான ஓட்டங்களின் இறுதியில் அவரை ஏன் முந்த முடியவில்லை என்பது புதிராகத் தோன்றாது. 2022இல் யூஜீனில் 1,500 மீட்டர் உலகப் பட்டம் வென்ற ஜேக் வைட்மேன், அதே ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டர் வெள்ளியும் வென்றவர்.

ஆனால் கடைசி 400 மீட்டர் நேரத்தைத் தனியாக எடுத்துப் பார்ப்பதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. மெதுவான ஓட்டத்துக்குப் பிறகு 51 நொடியில் முடிப்பதும், கடும் வேகத்துக்குப் பிறகு 54 நொடியில் முடிப்பதும் வெவ்வேறு உடல்களின் வேலை. முன்னதைச் செய்பவரால் பின்னதைச் செய்ய முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே, எந்த வேகத்துக்குப் பிறகு வந்த கடைசிச் சுற்று என்று கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணை மதிப்பிட வேண்டும்.

6. தகுதிப் போட்டியில் முதலில் வந்தவரை நம்பி பதக்கப் பட்டியலில் எழுதலாமா?

எழுத வேண்டாம். 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து 1,500 மீட்டர், 5,000 மீட்டர், ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஓட்டம்) ஆகியவற்றில் பெற்ற இடத்தை வைத்து மட்டுமே அடுத்த கட்டத்துக்குத் தேர்வு நடக்கிறது. முன்பு இருந்ததுபோல் நல்ல நேரம் ஓடி மீதமுள்ள இடங்களைப் பிடிக்க முடியாது. எனவே ஆறு பேர் தேர்வாவார்கள் என்றால், ஆறாவதாக வருவதற்கும் முதலாவதாக வருவதற்கும் பயனில் வேறுபாடு இல்லை.

நான் பார்ப்பது வேறு. கடைசி 100 மீட்டரில் அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, வேகத்தைத் தணித்து, எளிதாக உள்ளே வந்தாரா? அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு, தோள்கள் உயர, கோடு வரை போராடினாரா? வரிசை எண்ணைவிட இதுவே எனக்குப் பெரிய செய்தி.

7. முன்னால் ஓடுபவர் எப்படியும் தோற்றுவிடுவார் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை, ஆனால் அவர் மிக உயர்ந்த விலை கொடுத்தே வெல்ல முடியும். நார்வேயின் யாகோப் இங்கெப்ரிக்ட்சனின் கதை இதற்கு நல்ல பாடம். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் 1,500 மீட்டரில் அவர் கடும் வேகத்தில் ஓடி 3:28.32 என்ற ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். ஆனால் அங்கே தொடக்கத்திலிருந்து பெரும்பாலும் முன்னால் ஓடியவர் கென்யாவின் டிமோத்தி செருயோட். இங்கெப்ரிக்ட்சன் அவருக்குப் பின்னால் இருந்து கடைசி நேர்ப்பகுதியை நெருங்கும்போது கடந்தார். பிறகு 2022இல் யூஜீனிலும் 2023இல் புடாபெஸ்டிலும் அவரே முன்னால் ஓடினார். முதலில் வைட்மேனும், அடுத்து ஜோஷ் கெரும், கடைசி 200 மீட்டர் அளவில் அவரைக் கடந்து வென்றார்கள். 2024 பாரிஸில் அவர் இன்னும் கடுமையாக, முதல் 400 மீட்டரை 55 நொடிக்குள் ஓடித் தொடங்கினார். நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவர் அமைத்த வேகத்தில் மற்ற மூவரும் தங்கள் வாழ்நாள் சிறந்த நேரத்தை ஓடிப் பதக்கம் பெற்றார்கள்.

மறுபக்கம், 2016 ரியோவில் எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா பெண்கள் 10,000 மீட்டரில் பாதித் தொலைவுக்குப் பிறகு அனைவரையும் விட்டு விலகி, 29:17.45 என்ற உலக சாதனையோடு தனியாக வந்து சேர்ந்தார். முன்னால் ஓடுபவரால் பின்தொடர்பவர்களின் பிடியை அறுக்க முடிந்தால் அவர் வெல்வார். அறுக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போனால், அவர் மற்றவர்களுக்குப் பேஸ்மேக்கர் ஆகிவிடுகிறார். ஆகவே கணிக்கும்போது கேட்க வேண்டியது, அவருடைய வேகத்தில் எத்தனை பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதே.

8. எந்தப் போக்கிலும் வெல்லக்கூடியவர் யாராவது உண்டா?

உண்டு, ஆனால் அரிது. கென்யாவின் ஃபெய்த் கிப்யெகோன் 2016 ரியோவில் பெண்கள் 1,500 மீட்டரை 4:08.92 நேரத்தில் வென்றார். 2024 பாரிஸில் அதே ஓட்டத்தை 3:51.29 நேரத்தில் வென்றார். பதினேழு நொடிக்கு மேல் வேறுபாடு. தங்கம் பெற்றவர் ஒருவரே. ரியோவில் அவரிடம் தோற்ற கென்செபே டிபாபா அப்போது 3:50.07 என்ற உலக சாதனையை வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்படிப்பட்டவர் பட்டியலில் இருந்தால் 4ஆம் கேள்வியில் சொன்ன முறை தங்கத்துக்குத் தேவைப்படாது. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும்தான் அது பயன்படும்.

9. 'உள்ளே மாட்டிக்கொண்டார்' என்று வர்ணனையாளர் சொல்கிறாரே, அது அவ்வளவு பெரிய விஷயமா? வெளியே வந்து ஓடினால் போகிறது.

வெளியே வருவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். ஒரு தடம் வெளியே ஓடினால் முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்தக் கூடுதல் முழுவதும் வளைவுகளில்தான் விழுகிறது. ஒரே ஒரு வளைவை இரண்டாம் தடத்தில் கடந்தால் 3.8 மீட்டர், அதாவது ஓட்டத்தின் இறுதி வேகத்தில் சுமார் அரை நொடி. 2025 டோக்கியோவில் 1,500 மீட்டர் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது 0.02 நொடி: போர்ச்சுகலின் இசாக் நாடர் 3:34.10, வைட்மேன் 3:34.12.

எனவே ஒவ்வொருவரும் இரண்டு அச்சங்களுக்கு இடையே ஓடுகிறார்கள்: வெளியே ஓடினால் தொலைவு கூடும், உள்ளே ஓடினால் வழி அடைபடும். 2024 பாரிஸ் 1,500 மீட்டர் இறுதியில் அமெரிக்காவின் கோல் ஹாக்கர் உள்பக்கமாகக் கடக்க முயன்று, வழி இல்லாமல் பின்வாங்கி, மீண்டும் திறந்த அதே உள்வழியில் நுழைந்து வென்றார். கணிப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் ஒன்று உண்டு. பழைய ஓட்டங்களின் பதிவுகளைப் பார்த்து, கடைசி 300 மீட்டர் தொடங்கும்போது ஒருவர் வழக்கமாக எந்த இடத்தில் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பேருக்குள் இருக்கும் பழக்கமுள்ளவரை நான் ஒரு படி உயர்த்துவேன்; எப்போதும் பின்வரிசையிலிருந்து வருபவரை ஒரு படி இறக்குவேன்.

10. நடுவில் விழுந்துவிட்டால் அவ்வளவுதானா?

எத்தனை சுற்று மிச்சம் என்பதைப் பொறுத்தது. லாஸ்ஸே விரேன் 1972 மியூனிக்கில் 10,000 மீட்டரின் பாதியை நெருங்கும்போது விழுந்து, எழுந்து, உலக சாதனையோடு வென்றார். மோ ஃபரா 2016 ரியோவில் அதே தொலைவில் விழுந்து எழுந்து 27:05.17 நேரத்தில் வென்றார். இருவருக்கும் மெல்ல மெல்ல இடைவெளியை அடைக்கப் போதிய தொலைவு இருந்தது. எல் குரூஜ் 1996 அட்லாண்டாவில் 1,500 மீட்டரின் கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில் விழுந்தார், கடைசியாக வந்தார். சிஃபான் ஹசன் 2021 டோக்கியோவில் 1,500 மீட்டர் தகுதிப் போட்டியின் கடைசிச் சுற்றில் விழுந்தும் முதலில் வந்தது விதிவிலக்கு, அதுவும் தகுதிப் போட்டியில்.

விழுவதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மெதுவான ஓட்டத்தில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால் கால் தட்டும் வாய்ப்பு கூடும் என்பதை மட்டும் கணக்கில் வைக்கலாம். தகுதி நீக்கமும் அப்படித்தான்: ஹாக்கர் 2025இல் 1,500 மீட்டர் அரையிறுதியில் மற்றவர்களை இடித்ததற்காக நீக்கப்பட்டார், சில நாட்களில் 5,000 மீட்டரில் 12:58.30 நேரத்தில் தங்கம் வென்றார்.

11. ஒரே நாட்டைச் சேர்ந்த மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டு ஓடினால் மற்றவர்களை எளிதாக வீழ்த்தலாமே?

முயன்றிருக்கிறார்கள், பெரும்பாலும் எதிர்பார்த்த பயன் கிடைத்ததில்லை. 2024 பாரிஸ் 10,000 மீட்டரில் எத்தியோப்பியர் மூவர் முறைமாற்றி முன்னால் ஓடி வேகத்தைக் காத்தார்கள். அதன் விளைவாக, 2008இல் பெகெலே வைத்த 27:01.17 என்ற ஒலிம்பிக் சாதனையைப் பதின்மூன்று பேர் ஒரே ஓட்டத்தில் கடந்தார்கள். ஆனால் தங்கம் உகாண்டாவின் செப்டெகெய்க்கு; எத்தியோப்பியாவுக்குப் பெரிஹு அரெகாவியின் வெள்ளி மட்டும். 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பின் 10,000 மீட்டரிலும் ஃபராவைக் களைக்கச் செய்யப் பல பேர் மாறி மாறி வேகத்தை ஏற்றினார்கள், அவர் 26:49.51 நேரத்தில் வென்றார்.

காரணம் எளிது. பதக்கம் தனியொருவருக்குத் தரப்படுகிறது. மூவரில் யார் உழைப்பது, யார் அறுவடை செய்வது என்ற கேள்வி வரும்போது உடன்பாடு தளர்ந்துவிடும். கூட்டு முயற்சி ஓட்டத்தின் போக்கை மாற்றும் என்று எழுதலாம். வெற்றியாளரைத் தரும் என்று எழுதக் கூடாது.

12. இரண்டு மூன்று போட்டிகளில் பெயர் கொடுத்திருப்பவரை எப்படி மதிப்பிடுவது?

அட்டவணையை வைத்து. முதல் போட்டிக்கு அவரை முழு மதிப்பில் எடுத்துக்கொள்வேன், அடுத்ததில் குறைப்பேன். மேலே சொன்ன அயானா, ரியோவில் உலக சாதனையோடு 10,000 மீட்டரை வென்ற பிறகு 5,000 மீட்டரில் வெண்கலம்தான் பெற்றார். 2017இல் ஃபரா 10,000 மீட்டரை வென்றுவிட்டு 5,000 மீட்டரில் முக்தார் எட்ரிஸிடம் தோற்றார். 4ஆம் விடையில் வந்த பெகெலேவும் இதே வரிசையில் சேர்பவர்.

இந்த விதியை மீறுபவர்களும் இருக்கிறார்கள். பியாட்ரிஸ் செபெட் 2024 பாரிஸிலும் 2025 டோக்கியோவிலும் 5,000, 10,000 இரண்டையும் வென்றார். ஹசன் பாரிஸில் அவ்விரண்டிலும் வெண்கலம் பெற்று, 10,000 மீட்டர் முடிந்த இரண்டாம் நாளே மாரத்தானில் 2:22:55 நேரத்தில் தங்கம் வென்றார். அந்த மாரத்தானுக்கு முன் அவரை முதலிடத்தில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

13. ஸ்டீபிள்சேஸுக்கும் இதே முறை பொருந்துமா?

பொருந்தும், ஆனால் தடைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 3,000 மீட்டரில் 28 தடைகளும் 7 நீர்க்குழிகளும் உண்டு. கூட்டத்தின் நடுவில் ஓடுபவருக்குத் தடை எங்கே வருகிறது என்பது கடைசி நொடி வரை தெரியாது; ஆகவே வெளிப்பக்கமாக ஓடுவதற்கு இங்கே 9ஆம் விடையில் சொன்னதைவிட நியாயம் அதிகம். கடைசி நீர்க்குழியைத் தாண்டும்போது வேகம் இழக்காதவருக்கே நான் கூடுதல் மதிப்பு தருவேன். உலக சாதனையாளர் லமேச்சா கிர்மா பாரிஸ் இறுதியின் கடைசிச் சுற்றில் தடையில் தட்டி விழுந்தார். மொராக்கோவின் சூஃபியான் எல் பக்காலி தன் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். எல் பக்காலியும் 2025 உலக சாம்பியன்ஷிப்பில் நியூசிலாந்தின் ஜியார்டி பீமிஷிடம் 0.07 நொடியில் பட்டத்தை இழந்தார். அவினாஷ் சாப்ளே 2022 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி பெற்றபோது தங்கத்துக்கு இருந்த தொலைவு 0.05 நொடி.

14. மாரத்தானுக்கு?

அதற்கு இந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம். பாதையின் ஏற்ற இறக்கமும் வெப்பமும் பெரும்பங்கு வகிக்கும். நகர மாரத்தான்களில் பேஸ்மேக்கரோடு ஓடிய நேரங்கள் அங்கே மிகக் குறைவாகவே உதவும். பாரிஸில் ஆண்கள் மாரத்தானை வென்ற தமிராத் தோலா, முதலில் தேர்வாகியிருந்த ஒருவர் காயத்தால் விலகிய பிறகு அணிக்குள் வந்தவர்.

15. நீண்ட நாள் ஓடாமல் காயத்திலிருந்து வரும் பெரிய பெயரை என்ன செய்வது?

பெரிய பெயர் என்பதற்காக விட்டுவைக்காதீர்கள். இங்கெப்ரிக்ட்சன் 2025 மார்ச்சில் உள்ளரங்க உலக சாம்பியன்ஷிப்பில் 1,500, 3,000 இரண்டையும் வென்றார். பிறகு குதிகால் தசைநார்க் காயத்தால் கோடைப் பருவத்தில் ஓடவில்லை. செப்டம்பரில் டோக்கியோவுக்கு நேராக வந்தபோது, 1,500 மீட்டரில் தகுதிப் போட்டியோடு வெளியேறினார். 5,000 மீட்டர் இறுதியில் பத்தாவதாக வந்தார். பயிற்சியால் மூச்சைக் காத்துக்கொள்ளலாம். நெரிசலில் வேகம் திடீரென மாறும்போது உடன் மாறும் கூர்மை, போட்டிகளில் ஓடினால்தான் திரும்பும்.

16. இத்தனையும் சொன்னீர்கள். ஓர் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு மூன்று பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று காட்டுங்கள்.

பாரிஸ் ஆண்கள் 1,500 மீட்டரையே எடுத்துக்கொள்கிறேன். ஓட்டத்துக்கு முன் எனக்குத் தெரிந்திருந்தவை: இங்கெப்ரிக்ட்சன் அந்தக் கோடையில் மொனாக்கோவில் 3:26.73 ஓடியிருந்தார், முந்தைய இரண்டு உலக இறுதிகளிலும் கடைசி 200 மீட்டரில் தோற்றிருந்தார். எனவே வேகப்படுத்த அவருக்குத் தேவையும் இருந்தது, தெம்பும் இருந்தது. நூற்றுக்கு எண்பது வாய்ப்பு வேகமான ஓட்டத்துக்கு என்று எழுதினேன். அந்த வேகத்தில் கடைசி வரை ஒட்டிக்கொள்ளக்கூடியவர்கள்: டோக்கியோவில் 3:29.05 ஓடி வெண்கலம் பெற்ற கெர், முந்தைய ஆண்டு 3:29.02 ஓடிய யாரெட் நுகுஸ். ஹாக்கர் அமெரிக்கத் தேர்வுப் போட்டியை 3:30.59 நேரத்தில் வென்றிருந்தார். ஓட்டம் மெதுவாக நடந்தால் அவருடைய பாய்ச்சலை மற்றவர்கள் தாங்க மாட்டார்கள் என்று தோன்றியது. மீதமிருந்த இருபது வாய்ப்புக்கு அவரை முதலில் எழுதினேன். மொத்தக் கணக்கில் கெர், இங்கெப்ரிக்ட்சன், நுகுஸ், நான்காவதாக ஹாக்கர்.

நடந்தது: ஹாக்கர் 3:27.65, கெர் 3:27.79, நுகுஸ் 3:27.80, இங்கெப்ரிக்ட்சன் 3:28.24. ஓட்டத்தின் போக்கு நான் எழுதியபடியே அமைந்தது, நால்வரும் நான் எழுதிய நால்வர்தான், வரிசைதான் தவறானது. ஹாக்கர் தன் சிறந்த நேரத்தை ஏறத்தாழ மூன்று நொடி முன்னேற்றுவார் என்று எண்ண எனக்கு அடிப்படை இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு தடயம் இருந்தது: அந்த 3:30.59ஐ அவர் ஓடியது, பெரும்பகுதி பிறர் பின்னால் இருந்துவிட்டுக் கடைசியில் விலகி வென்றபோது. அது அவருடைய எல்லை என்று நான் எடுத்துக்கொண்டது தவறு. அதன் பிறகு, வென்றபோது பதிவான நேரத்தையும், துரத்தித் தோற்றபோது பதிவான நேரத்தையும் தனித்தனிப் பத்தியில் குறித்து வருகிறேன்.

17. நூறில் ஒரு பங்கு நொடியில் முடிவது எல்லாம் அதிர்ஷ்டம்தானே? அதைக் கணிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

கெருக்கும் நுகுஸுக்கும் இடையிலான 0.01 நொடியை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொன்னதாகக் கூறுபவரை நம்ப வேண்டாம். ஆனால் அவ்விருவரும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் தோளோடு தோளாக இருந்தது அதிர்ஷ்டம் அல்ல. அதற்கு முந்தைய 1,400 மீட்டரில் யார் வேகத்தை ஏற்றினார், யார் உள்தடத்தில் தெம்பைச் சேமித்தார், யார் வளைவில் வெளியே ஓடி நான்கு மீட்டரை இழந்தார் என்பவை அனைத்தும் காரணமுள்ளவை. அவற்றில் பெரும்பகுதியை ஓட்டக்காரர்களின் பழக்கத்திலிருந்து முன்பே படிக்கலாம்.

ஆகவே பெயர்களை மட்டும் எழுதி வைக்காமல், ஓட்டம் எப்படிப் போகும், யார் எந்த இடத்தில் பாய்வார் என்பதையும் ஓட்டத்துக்கு முன்பே, தேதியிட்டு, இரண்டு மூன்று வரிகளில் எழுதி வையுங்கள். முடிந்த பிறகு பெயர்கள் சரியா என்று பார்ப்பதற்கு முன், அந்த வரிகள் சரியா என்று பாருங்கள். போக்கு பிழையாகி, பெயர்கள் தற்செயலாகச் சரியாக வந்திருந்தால், அதை நான் என் கணக்கில் பிழை என்றே குறித்துக்கொள்கிறேன்.